இடது கைக்காக மேடையில் இடம் மாறியது: யார் இந்தப் பழனி சுப்பிரமணிய பிள்ளை?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போனால் எல்லோருடைய கண்ணும் தேர் மேலதான் இருக்கும். அடுத்த முறை ஒரு நிமிஷம் தவில் வாசிக்கிறவர்களின் கைகளைப் பாருங்கள். ராஜபாளையம் பக்கம் ஏதாவது கல்யாண மண்டபத்தில் பார்த்தாலும் சரி. பெரும்பாலானவர்கள் வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார்கள், இடது கையில் குச்சி இருக்கும். எப்போதாவது ஒருவர் அப்படியே மாற்றி வைத்திருப்பார். கூடு இடது கையில், குச்சி வலது கையில். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அதனால் மேளம் நிற்பதில்லை, கல்யாணமும் நிற்பதில்லை.

கர்னாடக சங்கீதக் கச்சேரி மேடையில் இதே விஷயம் ஒரு காலத்தில் பெரிய பிரச்னையாக இருந்தது. தமிழ்நாடு கண்ட மிகப் பெரிய மிருதங்கக் கலைஞர்களில் ஒருவர், இடது கைக்காரர் என்பதற்காகவே வாய்ப்புகளை இழந்தார். வாசிப்பில் யாரும் குறை சொல்லவில்லை. அவர் மேடையில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதில்தான் சிக்கல்.

அவர் பெயர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. 1962-ல் மறைந்துவிட்டார். ஆனால் மிருதங்கம் கற்கிறவர்கள் மத்தியில் பழனி என்று சொன்னால் இன்றைக்கும் ஊருக்கு முன்னால் இவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

யார் இவர்?

1908-ல் பழனியில் பிறந்தார். அப்பா பழனி முத்தையா பிள்ளை, அவரும் லய வித்வான். அதாவது தாளக் கருவிகளில் தேர்ந்தவர். முத்தையா பிள்ளையின் குரு புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. இன்றைக்குக் கச்சேரிகளில் நாம் பார்க்கிற கஞ்சிராவை மேடைக்குக் கொண்டுவந்தவர் என்று அறியப்படுபவர் இந்த மாமுண்டியா பிள்ளைதான். அவர் லயம் கற்றது ஒரு தவில் வித்வானிடம்.

இந்த வழியில் வந்தவர்களின் வாசிப்பை 'புதுக்கோட்டை பாணி' என்பார்கள். பாணி என்றால் ஒரு குருவிடமிருந்து சீடர்களுக்கு இறங்கி வரும் வாசிப்பு முறை. மிருதங்கத்தில் தஞ்சாவூர் பாணி, புதுக்கோட்டை பாணி இரண்டும் ரொம்பப் பிரபலம். புதுக்கோட்டை பாணியின் இன்னொரு பெரிய பெயர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. அவரும் மாமுண்டியா பிள்ளையின் சீடர்.

ஆக, சுப்பிரமணியம் பிறந்தது சரியான வீட்டில்தான். சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது, கேட்டு வளர வாசிப்பும் இருந்தது. ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. பையனுக்கு இடது கை முந்தியது. அப்பாவுக்கு அது கவலையாகவே இருந்தது என்று சொல்வார்கள்.

ஏன் கவலை? அதைப் புரிந்துகொள்ள மிருதங்கத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கணும்.

எந்தக் கைக்கு என்ன வேலை?

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். சின்ன முகத்தின் பெயர் வலந்தலை. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். சுருதியோடு சேரும் கணீர் ஒலி இதிலிருந்து வரும். பெரிய முகத்தின் பெயர் தொப்பி, இடந்தலை என்றும் சொல்வார்கள். இதன் நடுவில் வாசிப்பதற்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள், கச்சேரி முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அடர்த்தியான கீழ் ஒலி இதிலிருந்து வரும்.

பெயர்களைக் கவனியுங்கள். வலந்தலை, இடந்தலை. வாசிக்கிறவர் வலது கைக்காரர் என்று கருவியின் பெயரே முடிவு செய்துவிட்டது.

வலந்தலையில் விரல்களுக்குத்தான் அதிக வேலை. ஆள்காட்டி விரல் ஓரத்தில் அடிக்கும்போது மோதிர விரல் தோலை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு ஒலி. விரல்களைச் சேர்த்து கறுப்பு வட்டத்தின் மேல் அடைத்து அடித்தால் வேறு ஒலி. சுண்டுவிரல் பக்கமாக வெட்டி எடுத்தால் 'சாப்பு' என்கிற இன்னொரு ஒலி. தொப்பியில் உள்ளங்கைக்கும் மணிக்கட்டுக்கும் வேலை. திறந்து அடித்தால் கும்மென்று நிற்கும், அடைத்து அடித்தால் சட்டென்று அடங்கும். அடித்த கையை எடுக்காமல் அழுத்தித் தேய்த்தால் ஒலி வளைந்து மேலே ஏறும். இதற்குக் 'கும்கி' என்று பெயர்.

இந்த விரல் வேலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரே சொல்லை இரண்டு பாணிக்காரர்கள் வேறு வேறு விரலில் வாசிப்பார்கள். ஒருவரின் மணிக்கட்டு உயரும், இன்னொருவருக்கு விரல் மட்டும் அசையும். முகத்தைப் பார்க்காமலேயே வாசிப்பது யார் என்று ரசிகர்கள் கண்டுபிடிப்பது இதனால்தான்.

பழனி சுப்பிரமணிய பிள்ளை விஷயத்தில் இரண்டு கைகளும் இடம் மாறியிருந்தன. வலந்தலையை இடது கையால் வாசித்தார், தொப்பியை வலது கையால் வாசித்தார்.

சரி, இதில் என்ன சிக்கல்?

கருவியைப் பொறுத்தவரை ஒரு சிக்கலும் இல்லை. மிருதங்கத்தை அப்படியே திருப்பிப் போட்டால் போதும். தனியாகச் செய்யச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

சிக்கல் மேடையில். கர்னாடகக் கச்சேரியின் இன்றைய வடிவத்தை அமைத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இவரை வேறு விதத்தில் தெரிந்திருக்கும். ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதுக்கும் இவர் அமைத்த ராகங்களைத்தான் மார்கழியில் பல இடங்களில் பாடுகிறார்கள்.

அந்தக் கச்சேரியில் யார் எங்கே உட்காருவது என்பதற்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. பாடகர் நடுவில், சபையைப் பார்த்து. அவருக்கு இடதுபுறம் வயலின், வலதுபுறம் மிருதங்கம். மிருதங்கக்காரர் பாடகர் பக்கம் திரும்பி உட்காருவார். இப்போது அவருடைய வலது கை சபைப் பக்கம் வரும். அதாவது வலந்தலையின் கணீர் ஒலி நேராக ரசிகர்களுக்குப் போகும்.

இதே இடத்தில் ஒரு இடது கைக்காரரை உட்கார வைத்துப் பாருங்கள். மிருதங்கம் திரும்பிவிடும். தொப்பி சபையைப் பார்க்கும், வலந்தலை பின்சுவரைப் பார்க்கும். மைக் பரவலாக வராத காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. நுணுக்கமான விரல் வேலை எல்லாம் சுவருக்குத்தான் கேட்கும்.

தீர்வு சுலபம். மிருதங்கக்காரர் பாடகரின் இடதுபுறம் போய் உட்கார்ந்தால் வலந்தலை மறுபடி சபையைப் பார்க்கும். ஆனால் அந்த இடத்தில் ஏற்கெனவே வயலின் வித்வான் இருக்கிறாரே. அவர் எழுந்து வலதுபுறம் போக வேண்டும்.

சில வயலின் வித்வான்கள் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கத்திலும் காரணம் இல்லாமல் இல்லை. இடம் மாறினால் வில் பிடிக்கும் கை சபைப் பக்கம் வந்துவிடும். வயலின் ஒலி போகும் திசை மாறும். பல வருஷம் ஒரே கோணத்தில் பாடகரைப் பார்த்துப் பழகியவருக்கு அந்தக் கோணமும் மாறும். இதோடு கௌரவமும் சேர்ந்துகொண்டது. மேடையில் வயலினுக்கு மிருதங்கத்தைவிட ஒரு படி மேலான மரியாதை இருந்த காலம் அது. மிருதங்கக்காரருக்காக வயலின்காரர் இடம் விட்டுக்கொடுப்பதா என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

கச்சேரி ஏற்பாடு செய்கிறவருக்கு எது வசதி? தகராறே இல்லாமல் ஒரு வலது கை மிருதங்கக்காரரைப் போட்டுவிடுவதுதான். இப்படித்தான் திறமையில் குறையே இல்லாத ஒருவருக்கு வாய்ப்புகள் நழுவின.

கிரிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு முனையில் ரைட் ஹேண்டர், மறுமுனையில் லெஃப்ட் ஹேண்டர் ஆடினால் ஒவ்வொரு சிங்கிளுக்கும் ஃபீல்டிங் மொத்தமும் இடம் மாறணும். யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. லெஃப்ட் ஹேண்டர் டீமில் இருப்பது பலம் என்றே சொல்வார்கள். சங்கீத மேடை அந்த இடத்துக்கு வரக் கொஞ்ச காலம் ஆனது.

கையை மாத்திக்கிட்டா என்ன?

இந்தக் கேள்வி நிறைய பேருக்குத் தோன்றும். நம் வீடுகளிலேயே இது தினசரி நடப்பதுதான். சாப்பிடும் கைக்குச் சோத்துக்கை என்று பெயர். மற்றதற்கு நொட்டாங்கை, பீச்சாங்கை. இடது கையால் காசு கொடுத்தால் திட்டு விழும், பிரசாதம் வாங்கினால் பக்கத்தில் நிற்பவர் முறைப்பார். இடது கையில் பென்சில் பிடித்த பிள்ளைகளின் கையில் ஸ்கேலால் தட்டிய தலைமுறை இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. உலக மக்கள்தொகையில் சுமார் 10 சதவிகிதம் பேர் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள். அத்தனை பேருக்கும் இது பழகிய கதை.

இடது கைக்காரர் வலது கையில் சாப்பிடப் பழகிவிடலாம். சாப்பாட்டுக்கு நுணுக்கம் அதிகம் தேவையில்லை. மிருதங்கம் அப்படி இல்லை. ஒரு வினாடிக்குள் பல அடிகள் விழும். ஒவ்வொன்றும் தோலின் எந்த இடத்தில், எந்த விரலில், எவ்வளவு அழுத்தத்தில் விழ வேண்டும் என்பதில் மயிரிழை வித்தியாசம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. அந்த வேலையை முந்தாத கையிடம் கொடுத்தால் வாசிப்பு ஓரளவுக்கு வரும். உச்சத்துக்குப் போவது கஷ்டம்.

பழனி கையை மாற்றவில்லை. இடது கையாலேயே சாதகம் செய்தார், இடது கையோடுதான் மேடைக்கு வந்தார்.

திருப்பம் எங்கே வந்தது?

செம்பை வைத்தியநாத பாகவதரிடம். இந்தத் தலைமுறைக்கு இவரை யேசுதாஸின் குரு என்று சொன்னால் சட்டென்று புரியும். பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். கம்பீரமான குரல். 1930-களில் இவர் பெயர் போட்டாலே சபை நிறையும்.

செம்பைக்கு இன்னொரு பெயரும் உண்டு. புதிய பக்கவாத்தியக்காரர்களைக் கண்டுபிடித்துத் தூக்கிவிடுகிறவர் என்று. பிற்காலத்தில் மிருதங்க உலகின் சிகரமான பாலக்காடு மணி ஐயருக்கு ஆரம்பத்தில் துணை நின்றவர்களில் இவர் முக்கியமானவர். அதே செம்பை, இடது கைக்காரரான பழனியையும் தன் கச்சேரிகளுக்கு அழைத்தார். உட்காரும் பிரச்னை வந்தபோது பழனியின் பக்கம் நின்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். பக்கவாத்தியக்காரர் தனக்குத் தானே மேடை போட்டுக்கொள்ள முடியாது. பாடகர் கூப்பிட்டால்தான் கச்சேரி. பழனி எவ்வளவு நன்றாக வாசித்தாலும், உட்காரும் ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது நடுவில் உட்காருகிறவரிடம் இருந்தது. செம்பை அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார். ஒரு முன்னணிப் பாடகர் இடதுபுறம் மிருதங்கத்தை வைத்துப் பாடி, கச்சேரியும் ஜெயித்துவிட்டால் மற்றவர்கள் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

மெல்ல மற்ற மேடைகளும் திறந்தன. ஜி.என். பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார்கள் பலருக்கும் பழனி வாசித்தார். அவர் வாசித்த கச்சேரிகளின் பழைய போட்டோ கிடைத்தால் உற்றுப் பாருங்கள். வழக்கமாக வயலின் இருக்கும் பக்கத்தில் மிருதங்கம் இருக்கும்.

வாசிப்பில் அப்படி என்ன ஸ்பெஷல்?

பழனி வாசிப்பு என்றாலே ரசிகர்கள் முதலில் சொல்வது தொப்பியைப் பற்றித்தான். குறிப்பாகக் கும்கி. தொப்பி ஒலியைச் சும்மா தாளத்துக்குத் துணையாக வைக்காமல், பாட்டின் வளைவுக்கு ஏற்றபடி அதையும் வளைத்தார். மிருதங்கமே கூடப் பாடுவது போல இருக்கும். இது அவருடைய வலது கையின் வேலை. வலந்தலைக்கு முந்திய கை, தொப்பிக்கு மற்ற கை என்ற கணக்கு எல்லா மிருதங்கக்காரர்களுக்கும் ஒன்றுதான். அந்த மற்ற கையை இவ்வளவு பேச வைத்ததுதான் பழனியின் தனித்தன்மை.

இரண்டாவது, சர்வலகு. தாளத்தின் ஓட்டத்தோடு இயல்பாகப் போகும் வாசிப்புக்கு இந்தப் பெயர். கேட்கிறவரின் கை தானாகத் தாளம் போட ஆரம்பிக்கும். இதற்கு நேர் எதிர் முனையில் இருப்பது கணக்கு. ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகச் சொற்களை அடுக்கி, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் சரியான இடத்தில் வந்து இறங்கும் வித்தை. கணக்கு தெரிந்தவர்களுக்கு அதில் ஒரு த்ரில். தெரியாதவர்களுக்குச் சில சமயம் தலை சுற்றும்.

பழனி கணக்கில் புலி. ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவிகள் லயத்தில் ரொம்பக் கடினமானவை. அவர்களோடு ஈடுகொடுத்து வருஷக்கணக்கில் வாசித்தவர். ஆனால் அவர் வாசிக்கும்போது கணக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரியாது. சர்வலகுவின் ஓட்டத்துக்குள்ளேயே அது ஒளிந்திருக்கும். நீங்கள் சுகமாகக் கேட்டுக்கொண்டே போவீர்கள். முடிவுக் கோர்வை வந்து சமத்தில் இறங்கிய பிறகுதான் நடுவில் ஏதோ பெரிய வேலை நடந்திருக்கிறது என்றே தெரியும்.

தனி ஆவர்த்தனத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாட்டும் வயலினும் நின்று, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் நேரம். சபாவில் கூட்டம் காபி குடிக்கக் கிளம்பும் நேரம் என்று கிண்டலும் உண்டு. பழனி தனி வாசித்தால் அதற்காகவே உட்காரும் ரசிகர்கள் இருந்தார்கள்.

கஞ்சிராவும் வாசித்தார். பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம், பழனி கஞ்சிரா என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்த கச்சேரிகள் உண்டு. இருவருக்கும் பாணி வேறு. மணி ஐயர் தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் சீடர். சமகாலத்தில் மூன்றாவதாகச் சொல்லப்படும் பெயர் ராமநாதபுரம் சி.எஸ். முருகபூபதி. 1985 வரை ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் எந்த மாவட்டத்தில் இருந்தனவோ, அதே ராமநாதபுரம்தான். இந்த மூவரையும் மிருதங்க மும்மூர்த்திகள் என்றே சொல்வார்கள். ஒரே கருவி, ஒரே காலம், மூன்று விதமான கைகள்.

உலகத்தில் வேறு எங்கேயும் இப்படி நடந்திருக்கா?

கை வித்தியாசத்தை என்ன செய்வது என்பது எல்லா ஊர் இசைக்கும் உள்ள கேள்விதான். பியானோவை எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு நம் ஊர்களில் பிள்ளைகள் கீபோர்டு கிளாஸ் போய் கிரேடு எக்ஸாம் எழுதுகிறார்கள் இல்லையா, அங்கேயும் இதே கதை. கீழ் ஸ்வரங்கள் இடப்பக்கம், மேல் ஸ்வரங்கள் வலப்பக்கம். பெரும்பாலும் மெலடி வலது கையில், துணை ஒலி இடது கையில். மிருதங்கத்தைப் போல இதைத் திருப்பிப் போட முடியாது.

ஐந்து விரல்களுக்கும் ஒரே பலம் வரும்வரை பயிற்சி செய்ய வேண்டும் என்று 19-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பல ஆசிரியர்கள் நினைத்தார்கள். அதற்காகவே பக்கம் பக்கமாகப் பயிற்சிகள் எழுதினார்கள். போலந்தில் பிறந்த பியானோ மேதை ஷோபான் வேறு மாதிரி யோசித்தார். ஒவ்வொரு விரலுக்கும் இயற்கையிலேயே ஒரு குணம் இருக்கிறது, அதை அழிக்காமல் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் பாடம்.

20-ம் நூற்றாண்டில் கனடாவின் க்ளென் கூல்ட், அப்பா செய்துகொடுத்த குட்டை நாற்காலியில் உட்கார்ந்துதான் வாசித்தார். தரையிலிருந்து சுமார் 14 அங்குல உயரம். முகம் கட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும். விளாதிமிர் ஹோரோவிட்ஸ் விரல்களை வளைக்காமல் தட்டையாக நீட்டி வாசித்தார். கிளாஸில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் டீச்சர் திருத்துவார். ஆனால் அந்த நூற்றாண்டின் பெரிய பியானோ கலைஞர்கள் பட்டியலில் இந்த இருவரும் இல்லாமல் இருக்க மாட்டார்கள்.

பால் விட்கென்ஸ்டைன் கதை இன்னும் தீவிரமானது. தத்துவ அறிஞர் லுட்விக் விட்கென்ஸ்டைனின் அண்ணன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தார். பியானோவை விடவில்லை. இடது கைக்கு மட்டும் இசை எழுதித் தரச் சொல்லி இசையமைப்பாளர்களைக் கேட்டார். பிரான்ஸின் ராவெல் எழுதிக்கொடுத்த இடது கை கான்செர்ட்டோ 1932-ல் வியன்னாவில் அரங்கேறியது. இரண்டு கையும் உள்ளவர்களும் இன்றுவரை அதை இடது கையால் மட்டும்தான் வாசிக்கிறார்கள்.

பழனிக்கு யாரும் புதிய இசை எழுத வேண்டியிருக்கவில்லை. அவர் வாசித்தது எல்லோரும் வாசிக்கும் அதே மிருதங்கம், அதே தாளம். மேடையில் பக்கம் மட்டும்தான் மாற வேண்டியிருந்தது.

வலது கைச் சீடர்கள் எப்படிக் கற்றுக்கொண்டார்கள்?

நல்ல கேள்வி. மிருதங்கம் எதிரே உட்கார்ந்து கற்கும் வித்தை. வலது கை குருவுக்கு எதிரே வலது கை மாணவன் உட்கார்ந்தால், குருவின் வலது கை மாணவனுக்கு இடப்பக்கம் தெரியும். மூளைக்குள் திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்ளணும். இடது கை குருவுக்கு எதிரே உட்கார்ந்தால் கண்ணாடி பார்ப்பது மாதிரி. செல்ஃபி கேமராவில் உங்களையே பார்ப்பது போல, அவர் கை எந்தப் பக்கம் அசைகிறதோ அதே பக்கம்தான் உங்கள் கையும் அசையும்.

அதைவிட முக்கியம், பாடம் வாயில் இருக்கிறது. தகதிமி, தகஜொணு என்று சொல்லிப் பழகிய பிறகுதான் விரலுக்கு வரும். சொல்லுக்கு இடது வலது கிடையாது.

பழனியின் சீடர்களில் இருவரைப் பற்றித் தெரிந்துகொண்டால் அவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது புரியும். ஒருவர் டி. ரங்கநாதன். நாட்டிய மேதை பாலசரஸ்வதியின் தம்பி, வீணை தனம்மாளின் பேரன். 1960-களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்குப் போய் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொருவர் திருச்சி சங்கரன். 13 வயதில், 1955-ல், ஆலத்தூர் சகோதரர்கள் கச்சேரியில் குருவோடு சேர்ந்து வாசித்து மேடை ஏறியவர். 1971-ல் கனடாவின் டொரண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பல பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்தார். பழனியில் ஒரு வீட்டில் கவலையோடு பார்க்கப்பட்ட கையின் பாடம், இப்படித்தான் இரண்டு நாடுகளின் வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

விருதுகள் கிடைத்ததா?

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைக் கர்னாடக இசையின் உச்ச அங்கீகாரம் என்பார்கள். பழனி இருந்த காலம் வரை ஒரு மிருதங்கக் கலைஞருக்குக்கூட அது கொடுக்கப்படவில்லை. முதன்முதலில் ஒரு மிருதங்கக்காரருக்குக் கிடைத்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. பழனி அதற்கு நான்கு வருஷம் முன்பே, ஐம்பதுகளின் நடுவிலேயே காலமாகிவிட்டார்.

அதாவது அவர் இரண்டு வரிசையில் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. பாட்டுக்கும் வயலினுக்கும் பின்னால் மிருதங்கம். மிருதங்கக்காரர்களுக்குள்ளேயே, வலது கைக்காரர்களுக்குப் பின்னால் இடது கைக்காரர். முதல் வரிசை எல்லா மிருதங்கக்காரர்களுக்கும் பொது. இரண்டாவது இடது கைக்காரர்களுக்கு மட்டும்.

2011-ல் சங்கீத கலாநிதி விருது திருச்சி சங்கரனுக்குக் கிடைத்தது. குரு மறைந்து 49 வருஷம் கழித்து.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

இடது கையில் மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைகள் இன்றைக்கும் கிளாஸுக்கு வருகிறார்கள். இப்போது ஆளுக்கொரு மைக், தேவைப்பட்டால் இரண்டு மைக். ஒலி சுவருக்குப் போகும் என்ற பழைய காரணம் ஏறக்குறையக் காலாவதி ஆகிவிட்டது. ஆனால் கையை மாத்தச் சொல்லும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கத்தான் செய்கிறது.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், கருவியைப் பொறுத்து யோசியுங்கள். மிருதங்கம், தபலா, கஞ்சிரா போன்றவற்றில் கருவியையோ கையையோ திருப்பிக்கொண்டால் முடிந்தது. புல்லாங்குழலை மறுபக்கம் பிடித்து வாசிக்கலாம். கிடாரில் தந்திகளை மாற்றிக் கட்டலாம், இடது கை மாடல்களே கடையில் கிடைக்கின்றன. வீணையில் விஷயம் கொஞ்சம் கடினம். தாளத் தந்திகள் ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம் என்று அதன் அமைப்பே ஒரு திசைக்கானது. பியானோவிலும் கீபோர்டிலும் மாற்ற வழியில்லை. ஆனால் அங்கே இரண்டு கைக்குமே நுணுக்கமான வேலை இருப்பதால் இடது கைக்காரர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

பெரும்பாலான சமயம் டீச்சரின் முதல் யோசனை, கையை மாத்தச் சொல்வதாகத்தான் இருக்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வேறு எதையாவது மாற்றினால் வேலை முடியுமா? கருவியைத் திருப்புவது, பாயை எதிர்ப்பக்கம் போடுவது, பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்வது. பழனி விஷயத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஒரு செம்பை தேவைப்பட்டார். பிள்ளையால் அதைக் கேட்க முடியாது. சொல்லிக்கொடுக்கிற இடத்தில், கூப்பிடுகிற இடத்தில் இருப்பவர்தான் கேட்கணும்.

கேட்டுப் பார்க்க ஆசையா? ஆலத்தூர் சகோதரர்களுக்கும் ஜி.என்.பி-க்கும் பழனி வாசித்த பழைய கச்சேரிப் பதிவுகள் யூடியூப்பில் இருக்கின்றன. ஒலித்தரம் சுமார்தான், இரைச்சல் இருக்கும். ஹெட்செட் போட்டுக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டுக் கீழே ஓடும் தொப்பி ஒலியை மட்டும் கொஞ்ச நேரம் பின்தொடருங்கள். வளைந்து மேலே ஏறும் அந்த 'கும்' வரும்போது, அதை வாசித்தது எந்தக் கை என்று கண்டுபிடிக்க முயற்சி செய்யுங்கள். கண்டுபிடிக்கவே முடியாது.